எழும்பூரில் எடுத்துப்போனதும் விட்டுப்போனதும்

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடலோர ஊரில் 'மதராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. கோல்ஃப் ஆட்டத்துக்குப் பேர்போன ஊர் அது. அங்கே மதராஸுக்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் எழும்பூர் வரை வர வேண்டும்.

ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். பிழைக்கத் தெரிந்த மனிதர். ஒரே சமயத்தில் பல பட்டாளங்களுக்குப் பாதிரி வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினார். 1789இல் எழும்பூரில் தொடங்கிய படைவீரர் ஆண்பிள்ளை அநாதை இல்லத்துக்குக் கண்காணிப்பாளரும் ஆனார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பையன்களுக்கான இடம் அது. அங்கிருந்த ஆசிரியர்கள் வேண்டாவெறுப்பாகப் பாடம் நடத்தினார்கள். ஒருநாள் பெல் குதிரையில் போகும்போது வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து அதையே தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்களுக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது, மறுத்துவிட்டார்கள். உடனே ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லிக்கொடு என்றார். பையன் சொல்லிக்கொடுத்தான். அதுதான் தொடக்கம்.

1796இல் ஊர் திரும்பிய பெல், மறு ஆண்டே லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் இந்த ஏற்பாடு 'மதராஸ் முறை' என்று பெயர்பெற்றது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் அதைத் தங்கள் பள்ளிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1832இல் இறந்த பெல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமானார். அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்ததுதான் அந்த மதராஸ் காலேஜ்.

இந்தக் கதையை நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். பள்ளிகளில் கணக்கு நடத்தியே காலம் தள்ளியவள் நான். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. பெல் நம் திண்ணைப் பள்ளியிலிருந்து இரண்டைத்தான் எடுத்துப்போனார்: மணலும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளையும். இரண்டும் செலவைக் குறைப்பவை. ஒன்றில் காகிதம் மிச்சம், இன்னொன்றில் வாத்தியார் சம்பளம் மிச்சம். அந்தத் திண்ணையில் மூளைக்கு வேலை கொடுத்த பகுதி எதுவோ அது அவர் கண்ணில் படவில்லை. குதிரைமேல் இருந்து பார்த்தால் மணல்தானே தெரியும்!

திண்ணையில் என்ன நடந்தது? அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி என்று ஒரு வரிசை. நிகண்டு ஒன்று. கணக்குக்கு எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று. எல்லாம் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்வதுதான். ஒரு பையன் சொல்லிக்கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டு. இதைத்தான் 'கிளிப்பிள்ளைப் பாடம்' என்று எல்லோரும் திட்டியிருக்கிறார்கள். நானும் ஆசிரியப் பயிற்சியில் அதைத் திட்டித்தான் எழுதித் தேறினேன்.

பொன்னிலக்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்கும். முந்திரி என்பது 320இல் ஒன்று. முந்திரியும் முந்திரியும் சேர்ந்தால் அரைக்காணி, 160இல் ஒன்று. இரண்டு அரைக்காணி ஒரு காணி, 80இல் ஒன்று. இரண்டு காணி அரைமா. இரண்டு அரைமா ஒரு மா, அதாவது 20இல் ஒன்று. இன்னொரு கிளையில் வீசம், அரைக்கால், கால், அரை, முக்கால். கீழே போகவும் படி உண்டு: முந்திரியில் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி, அது 1,02,400இல் ஒன்று. எட்டாம் வகுப்பில் பின்னக் கூட்டலுக்கு மீச்சிறு பொதுமடங்கு தேடி மூச்சுத் திணறும் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். திண்ணைப் பிள்ளைக்கு அந்தச் சிக்கல் பாதி இல்லை, ஏனென்றால் பின்னங்கள் அவனுக்கு மேலும் கீழுமாக எழுதிய இரண்டு எண்களாக வரவில்லை. ஒவ்வொன்றும் பேர் வைத்த ஆள். காலில் அரை எவ்வளவு என்று கேட்டால் விடை கேள்வியிலேயே இருக்கிறது.

நெல்லிலக்கம் முகத்தல் அளவை. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். தஞ்சாவூர்ப் பக்கத்தில் களத்துமேட்டில் நிற்கும் எவனுக்கும் இது தெரிந்தாக வேண்டும். தெரியாதவனுக்குக் கூலி அளக்கும்போது இழப்பு. என் தாத்தாவின் மளிகைக் கடையில் காகிதமே கிடையாது. ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே கணக்கு உதட்டில் முணுமுணுத்து முடிந்திருக்கும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு இந்தத் திண்ணைக் கணக்கை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மனப்பாடம் அங்கே கற்றலின் முடிவாக இருக்கவில்லை, கற்பதற்கான வழியாக இருந்தது என்பது அவர் வாதம். சுவடியைச் சொல்லி முடித்தால் படிப்பு முடியாது. அதன்மேல் கணக்குகள் போடப்படும். வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு வாத்தியார் வாயால் ஒரு கணக்குச் சொல்லி அனுப்புவார். எழுதக் கூடாது, மனத்திலேயே போட வேண்டும். வழியில் யோசித்து, வீட்டில் பெரியவர்களிடம் பேசி, காலையில் விடையோடு வர வேண்டும். மனக்கணக்கு என்ற சொல்லுக்கு அந்நாளில் இருந்த கனம் இது.

இத்தகைய கணக்குகளில் பலருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். மரத்தில் ஒரு பறவை தனியாக உட்கார்ந்திருக்கிறது. மேலே ஒரு கூட்டம் பறந்து போகிறது. நூறு பேர் போகிறீர்களா என்று இது கேட்கிறது. நாங்கள் நூறு இல்லை; எங்களோடு எங்கள் அளவு இன்னொரு கூட்டம், எங்களில் பாதி, அந்தப் பாதியில் பாதி, பிறகு நீயும் சேர்ந்தால் நூறு என்கிறது தலைவன் பறவை. கூட்டத்தில் எத்தனை?

இன்றைய பிள்ளை எக்ஸ் என்று வைத்துக்கொள்ளும். திண்ணையில் எக்ஸ் கிடையாது. கேட்ட பறவையைக் கழித்தால் 99. ஒன்று, இன்னொன்று, அரை, கால்: மொத்தம் இரண்டே முக்கால். ஆக எந்த எண்ணின் இரண்டே முக்கால் மடங்கு 99? முக்கால் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிந்தவனுக்கு 36 முக்கால் 27 என்பது நாக்கில் நிற்கும். இரண்டு 36 சேர்த்தால் 72. 72ம் 27ம் 99. கூட்டத்தில் 36 பறவை. இன்னொரு வழியும் உண்டு. கூட்டத்தில் 4 என்று சும்மா வைத்துக்கொள். 4, 4, 2, 1 சேர்ந்து 11 வருகிறது. வேண்டியது 99, ஒன்பது மடங்கு. அப்படியானால் நாலை ஒன்பதால் பெருக்கு. தப்பு என்று தெரிந்தே ஒரு விடையை வைத்து, அது எவ்வளவு தப்பு என்று பார்த்துச் சரியான இடத்துக்குப் போவது. கிளிப்பிள்ளைக்கு இது வராது. ஆனால் வாய்ப்பாடு தெரியாதவனுக்கும் வராது. இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னால்தான் பயிற்சி வகுப்புகளில் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்பார்கள்.

கணக்கதிகாரம் என்று ஒரு நூல், காரிநாயனார் செய்தது. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. நிலம், நெல், பொன் எல்லாவற்றுக்கும் அதில் வழி உண்டு, விளையாட்டுக் கணக்கும் உண்டு. பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று அறிய ஒரு வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். இதை 'நம் முன்னோரின் விஞ்ஞானம்' என்று எடுத்துக்கொண்டு கைதட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சூத்திரம் மெய்யா என்பதைவிட அதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதில்தான் ஆர்வம். பழத்தைக் கொண்டுவந்து வைத்து, முள்ளை எண்ணச் சொல்லி, கணக்கைப் போடச் சொல்லி, அப்புறம் அறுத்துச் சுளையை எண்ணச் சொன்னால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி விடை சரியா என்பது. இரண்டாவது கேள்வி 'ஏன் ஆறு, ஏன் ஐந்து?' மூன்றாவது, 'காம்பைச் சுற்றி என்றால் எதுவரைக்கும் டீச்சர்?' இந்த மூன்றாவது கேள்வி கேட்டவன் அளவீடு என்றால் என்ன என்று அரை ஆண்டுப் பாடத்தை ஒரே வரியில் படித்துவிட்டான். சுளை தீர்ந்த பிறகும் பேச்சு தீராது.

நம் மரபில் சிந்தனைக்கு இடமில்லை, எல்லாம் உருப்போட்டது என்று சொல்கிறவர்கள் நன்னூலின் பாயிரத்தைப் படிக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. மாணவர்களை அவர் தரம் பிரிக்கிறார். நீரை விலக்கிப் பாலை எடுக்கும் அன்னமும், கிடைத்ததை மேய்ந்து பிறகு ஓரிடத்தில் படுத்து அசைபோடும் பசுவும் முதல் தரம். கிளி? அது இடைத் தரம். சொன்னதை மட்டும் சொல்கிறவனுக்கு முதல் வரிசையில் இடம் கிடையாது என்று எழுநூறு ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்தாயிற்று. அதைவிட எனக்குப் பிடித்தது அவர் போடும் பங்குக் கணக்கு. ஆசிரியர் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கிடைக்கும். கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் ஒரு கால். மீதி அரை, தான் பிறருக்கு விரித்துச் சொல்லும்போதுதான் வரும். உரைக்குரிய உறுப்புகளைச் சொல்லும் இடத்திலும் வினாவையும் விடையையும் சேர்க்கிறார். நம் உரையாசிரியர்கள் 'அற்றேல்' என்று தாங்களே ஒரு மறுப்பைக் கிளப்பி, அதற்குத் தாங்களே பதில் சொல்லிக்கொண்டு போவது வெறும் நடை அலங்காரமில்லை. எதிராளி என்ன கேட்பான் என்று யோசிக்கும் பயிற்சி. உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் சேர்ந்து படித்தார். 1876இல் பிள்ளை மறைந்த பிறகு திருவாவடுதுறை மடத்தில் தம்பிரான்களுக்குத் தாமே பாடம் சொன்னார். பவணந்தியார் சொன்ன அந்த அரைப் பங்கு அங்கே சேர்ந்திருக்கும்.

சட்டாம்பிள்ளை என்பதும் அந்த அரைப் பங்குதான். பெல்லுக்குப் பின் சுமார் முப்பது ஆண்டு கழித்து, 1823இல், பெல்லாரி கலெக்டர் கேம்பல் தன் அறிக்கையில் இதைச் சரியாகப் பிடித்தார். மூத்த பிள்ளை இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தன் படிப்பையும் உறுதி செய்துகொள்கிறான், இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்று எழுதினார். அதே கேம்பல்தான், பிள்ளைகள் ஒப்பிக்கும் செய்யுளின் பொருள் கிளிக்குத் தெரிந்த அளவுக்குமேல் அவர்களுக்குத் தெரியாது என்றும் எழுதினார். அவர் பார்த்தது கன்னடமும் தெலுங்கும் வழங்கிய மாவட்டம். ஆனாலும் இரண்டும் நம்மூருக்கும் பொருந்தும். செய்யுளில் கிளி, கணக்கில் அன்னம் என்பதுதான் என் கணிப்பு. திண்ணையை ஒரே சொல்லால் புகழ்கிறவர்களும் ஒரே சொல்லால் இகழ்கிறவர்களும் ஏதோ ஒரு பாதியை மறந்துவிடுகிறார்கள்.

அந்த அறிக்கைகளைக் கேட்டு வாங்கியவர் கவர்னர் தாமஸ் மன்றோ. 1826இல் அவர் தொகுத்தபடி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், ஒரு லட்சத்து 88 ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள். ஆய்வாளர் தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு, வெள்ளைக்காரன் வருமுன் இங்கே எல்லோரும் படித்திருந்தார்கள் என்று மேடைகளில் ஒரு பேச்சு கிளம்பியது. மன்றோவின் கணக்குப்படியே மக்கள்தொகை 1 கோடியே 28 லட்சம். சுமார் 68 பேருக்கு ஒருவர்தான் பள்ளியில். 'சூத்திரர்' என்று கலெக்டர்கள் எழுதிய சாதிப் பிள்ளைகள் தமிழ் மாவட்டங்களில் நிறைய இருந்தார்கள், அது மெய். பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. சேரிப் பிள்ளை திண்ணையேற முடியாது. களத்துமேட்டில் கூலி நெல்லை அளந்து வாங்குகிறவன் பிள்ளைக்கே நெல்லிலக்கம் இல்லை, அளந்து போடுகிறவன் பிள்ளைக்கு உண்டு. இதை விட்டுவிட்டுத் திண்ணையின் அருமை பேசுவது எனக்கு ஒப்பவில்லை. அடியும் பலமாக இருந்தது. விட்டத்தில் கயிறு கட்டிப் பையனைத் தொங்கவிடுவதற்குக் கோதண்டம் என்று பேர். கேம்பல் ஊரில் முதலில் வந்த பிள்ளைக்கு உள்ளங்கையில் சரசுவதி பேர் எழுதுவார்கள், இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு ஓர் அடி, நாலாமவனுக்கு இரண்டு, அப்படியே ஏறுமுகம். கூட்டுத்தொடர் வரிசைக்கு இதைவிட வலிக்கும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சரி, அந்த மனக்கணக்கு எங்கே போயிற்று? யாரும் தடை போடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சர்க்கார் திண்ணைப் பள்ளிகளைத் தன் வரம்புக்குள் கொண்டுவர மானியம் கொடுத்தது. தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்பது ஏற்பாடு. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சோதிப்பார். இன்ன வகுப்புக்கு இன்ன வாசிப்பு, இன்ன எழுத்து, இன்ன கணக்கு. தேறிய தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று வாத்தியாருக்குப் பணம். ஊரார் கொடுத்த நெல்லை நம்பியிருந்த மனிதருக்கு இது பெரிய வரவு. ஒரு கணக்கைச் சொல்லி அனுப்பி, மறுநாள் காலை வரை காத்திருக்க இனி அவருக்கு நேரம் ஏது? இன்ஸ்பெக்டர் முன் உடனே பதில் வர வேண்டும். ஒப்பிக்கும் பாதி தங்கியது, யோசிக்கும் பாதி உதிர்ந்தது. மனப்பாடம் அப்போதுதான் மனப்பாடத்துக்காகவே ஆயிற்று. கிளியை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தது மானியம்தான் என்று நான் சொல்வேன். பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்றதும் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டி ஏறுவதைப் பார்த்த எவரும் மறுக்கமாட்டார்கள்.

மிச்சமிருந்த பின்னப் பெயர்களை 1957 ஏப்ரலில் வந்த நயா பைசாவும், அடுத்து வந்த கிலோவும் லிட்டரும் கொண்டுபோயின. அதற்கு அழ வேண்டியதில்லை. அளவை மாறினால் சுவடியும் மாறத்தான் வேண்டும். மாற்றுச் சுவடி எழுதப்படவில்லை என்பதுதான் குறை.

இதற்கிடையில் அமெரிக்காவில் பெஞ்சமின் புளூம் என்பவரும் கூட்டாளிகளும் 1956இல் கல்வி நோக்கங்களுக்கு ஒரு படிவரிசை போட்டார்கள். 2001இல் திருத்தி எழுதப்பட்ட வடிவத்தில் நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என்று ஆறு. பணியிடைப் பயிற்சிக்குப் போன ஒவ்வொரு ஆசிரியருக்கும் அந்த முக்கோணப் படம் கனவிலும் வரும். நினைவு அடியில் கிடக்கிறது, படைப்பு உச்சியில். அடியில் இருப்பதால் அது மட்டமானது என்று புரிந்துகொண்டவர்கள் பாதிப் பேர். அடித்தளம் என்று புரிந்துகொண்டிருக்கலாம்.

முயற்சிகள் நடக்காமலும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது, 2007க்குப் பிறகு மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. ரிஷிவேலிப் பள்ளியின் அட்டைமுறையிலிருந்து கற்றுக்கொண்டது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஏணிப்படியில் தம் இடத்தைப் பார்த்து அட்டையை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். பார்க்க வந்த என் வயதான உறவினர் ஒருவர், திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறதே என்றார். கொஞ்சம் பெரிய வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்று வந்தது, பாடத்தைப் படித்து மனவரைபடம் போடுவது. நல்லவைதான். ஆனால் இரண்டிலும் பதிவேடு எழுதும் வேலை பாடத்தை விழுங்கியது. 2018 முதல் வந்த புதிய புத்தகங்களில் பாடத்தின் கடைசியில் 'உயர் சிந்தனை வினா' என்றே தலைப்புப் போட்டுக் கேள்வி வருகிறது. கேள்விகள் பல நன்றாகவே இருக்கின்றன. அதே ஆண்டு கடையில் கிடைக்கும் கைடில் அவற்றுக்கு விடையும் அச்சாகி வருகிறது. பிள்ளைகள் உயர் சிந்தனையை உருப்போட்டு, பிழையில்லாமல் எழுதிவைக்கிறார்கள்.

கைடில் இல்லாத கேள்வி வேண்டுமென்றால் பிள்ளைகளையே கேள்வி உண்டாக்கச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் பறவைக் கணக்கைப் போட்டேன். விடை கண்டபின் நூறை மாற்றி ஆளுக்கொரு கணக்குக் கட்டுங்கள் என்றேன். ஒருத்தி ஐம்பது என்று வைத்தாள், வரவில்லை. இருநூறு வைத்தவனுக்கும் வரவில்லை. ஒரு குழு கீழேயிருந்து ஏறியது: கூட்டத்தில் 4 என்றால் மொத்தம் 12, 8 என்றால் 23, 12 என்றால் 34, 16 என்றால் 45. "பதினொண்ணு பதினொண்ணா ஏறுது டீச்சர்" என்று பின்வரிசையிலிருந்து சத்தம். அப்போ நடுவில் உள்ள எண்ணெல்லாம்? கூட்டத்தில் 5 என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பாதியில பாதின்னா ஒண்ணேகால் வரும். கால் குருவி எப்படிப் பறக்கும்?" என்றாள் ஒருத்தி. வகுப்பு சிரித்தது. நாலின் மடங்காகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கு நான் சொல்லவிருந்த விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

கணக்கில் அவ்வளவாக நாட்டமில்லாத ஒருவன் மட்டும் எண்ணை மாற்றாமல் விதியை மாற்றினான். பாதியில் பாதியைத் தூக்கிவிட்டான். கூட்டம், அதே அளவு இன்னொரு கூட்டம், அதில் பாதி, கேட்ட பறவை, அவ்வளவுதான். கூட்டத்தில் 40 என்று வைத்திருந்தான். மொத்தம் 101. ஏன் நூற்றொன்று என்று கேட்டதற்கு, "மொய் எழுதுறப்ப அப்படித்தானே டீச்சர் வைப்பாங்க" என்றான். அடுத்த பிரிவுக்கு அந்தக் கணக்கைத்தான் போட்டேன், அவனையே நிறுத்திச் சொல்லச் சொல்லி.